குறுக்கம்

ரத்தம் சுவரில் என் தோள் உயரத்துக்குத் தெறித்திருந்தது. முதல் தடவை பார்த்தபோது ஏதோ கொலை நடந்துவிட்டதென்றே நினைத்தேன். நாய் சமையலறையின் நடுவில் நின்றபடி, என்னைக் கண்ட சந்தோஷத்தில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டலுக்கும் சுவரில் புதிதாக ஒரு கோடு விழுந்தது.

இது 2015 கடைசியில், ஸ்காட்லாந்தில், பெர்த்ஷயர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில். ஒரு வருஷ வேலையாகப் போய் ஒரு வீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர். ஆயுள் பூராவும் பிரபுக்களின் வேட்டை நிலங்களில் பறவைகளைக் காவல் காத்தவர். மெக் அவருடைய ஸ்பானியல். முட்புதருக்குள் புகுந்து ஃபெசன்ட் பறவைகளைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. புதருக்குள் நுழைந்ததும் வால் தன்வசமின்றி அடித்துக்கொள்ளும். நுனித் தோல் கிழியும். புண் ஆறாது, ஆட்டாமலிருக்க அதற்குத் தெரியாதே. வேட்டைப் பருவம் முடிகிறவரை வாரம் ஒருமுறையாவது அவர் கட்டுப்போடுவார், நான் வாலைப் பிடித்துக்கொள்வேன்.

“ட்வீட் ஆற்றுக்குத் தெற்கே பிறந்திருந்தால் இதற்கு இந்தக் கஷ்டமில்லை” என்பார். அது உண்மை. 2007இலிருந்து இங்கிலாந்தில் நாயின் வாலை வெட்டத் தடை. ஆனால் வேலைநாய்க்கு விலக்கு உண்டு. பிறந்து ஐந்து நாளுக்குள், மிருக வைத்தியர் கையால், வேலை செய்யப்போகிற நாய்தான் என்பதற்கு அத்தாட்சியுடன் வெட்டலாம். ஸ்காட்லாந்தோ அதே வருஷம் எந்த விலக்கும் இல்லாமல் தடுத்துவிட்டது. கண்கூடத் திறக்காத குட்டி எந்த உத்தியோகத்துக்குப் போகும் என்று ஐந்து நாளில் யார் சொல்வது என்பது என் கட்சி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியக் கொலுமெல்லா இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: குட்டிக்கு நாற்பது நாள் கழிந்தபின் வாலைக் கடித்து நரம்பை இழுத்து அறுத்துவிட்டால் வெறிநோய் வராதென்று மேய்ப்பர்கள் நம்பினார்கள். காரணம் போய்விட்டது, காரியம் நிற்கிறது என்று கெட்டிக்காரத்தனமாக அவரிடம் சொன்னேன். அவர் பேசாமல் பஞ்சை நீட்டினார்.

2016 பிப்ரவரியில், சட்டத்தைத் தளர்த்தலாமா என்று ஸ்காட்லாந்து அரசு பொதுமக்களிடம் அபிப்பிராயம் கேட்டது. அவருக்குக் கை நடுக்கம். “நீ எழுதுகிறவன்தானே?” என்றார்.

மறுத்திருக்கலாம். எழுதினேன். எழுதியதுகூடப் பெரிசில்லை, நன்றாக எழுதினேன். சுவரில் விழுந்த ரத்தக்கோட்டை முதல் வாக்கியத்தில் வைத்தேன். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து ஆய்வொன்றைத் தேடியெடுத்தேன். வால் வெட்டப்படாத ஸ்பானியல்களில் 56.6 சதவீதத்துக்கு ஒரே வேட்டைப் பருவத்தில் வாலில் காயம் பட்டிருந்ததாக, வேட்டைநாய் வைத்திருப்பவர்கள் சொன்னதைக் கொண்டு 2014இல் வெளியிட்டிருந்தார்கள். அந்த எண்ணைப் போட்டேன். அதே வருஷம், அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இன்னொரு எண்ணும் என் கண்ணெதிரே கிடந்தது. இவ்வகை நாய் ஒன்றுக்குப் பிற்பாடு அறுவை செய்து வாலை நீக்க நேராமலிருக்க, 320 குட்டிகளின் வாலை வெட்டியாக வேண்டும். அதை விட்டுவிட்டேன். அவர் விடச் சொல்லவில்லை. அப்படி ஓர் எண் இருப்பதே அவருக்குத் தெரியாது. பத்தியின் வேகம் குறையும் என்று எனக்குப் பட்டது, அவ்வளவுதான். கவிதையில் உபரியான ஒரு வரியை அடிப்பதைப் போல அத்தனை சுலபமாக அடித்தேன். இம்மாதிரிப் பக்கங்களில் மற்றவர்கள் கவிதைகளை இறுக்கம் போதாது என்று நானும் அறுத்துத் தள்ளியிருக்கிறேன். அறுத்ததற்குக் கணக்கு வைத்ததில்லை.

இரண்டு எண்ணும் மெய்தான். காயம் வேறு, வாலையே இழப்பது வேறு. 320ஐச் சேர்த்திருந்தாலும் மெக்கின் ரத்தம் பொய்யாகிவிடாது. ஆனால் அப்போது அது வாதமாக இருந்திருக்காது. அந்தச் சமையலறையில் எனக்கு நிஜமாகவே இருந்த குழப்பமாக இருந்திருக்கும். அரசுக்கு அனுப்பும் கடிதத்தில் குழப்பத்துக்கு இடம் ஏது என்று அன்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மார்ச்சில் மெக்குக்கு மயக்கமருந்து கொடுத்து வாலின் பாதியை எடுத்தார்கள். நான் விட்டுவிட்ட எண்ணுக்குள்தான் மெக் இருந்தது.

என் கடிதத்தால் சட்டம் மாறிற்று என்று சொல்லிக்கொள்ள நான் பைத்தியமல்ல. எப்படியோ 2017 ஜூனில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் விலக்கை ஏற்றது. ஸ்பானியல்களுக்கும், இரையைச் சுட்டிக்காட்டி எடுத்துவரும் வகை நாய்களுக்கும் மட்டும். அதிகபட்சம் வாலில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே புழங்கிய சொல் ‘வெட்டு’ அல்ல, ‘குறுக்குதல்’. தமிழில் வாலை ஒட்ட நறுக்குவது என்றால் ஒருவனை அடக்கிவைப்பது என்று உடனே புரிந்துவிடுகிறது. அந்த மாதிரி வெளிப்படையான சொல் சட்டத்துக்கு ஆகாது போலிருக்கிறது. என் கடிதத்தில் ‘வெட்டு’ என்றே எழுதியிருந்தேன். அதில் ஓர் அற்பத் திருப்தி.

2018 கிறிஸ்துமஸுக்கு அவரிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. புதுக் குட்டி. பின்புறம் நடுங்கும் எழுத்தில் தேதி மட்டும். குட்டி காமிராவை நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வால் படத்தில் விழவில்லை.