கிளாஷும் என் ஆண்டறிக்கையும்

எம்.ஏ. சமூகவியல் படித்தபோது பங்க் இசை எனக்குப் பாடமாகத்தான் அறிமுகமானது. டிக் ஹெப்டிஜ் 1979-இல் துணைப்பண்பாடு பற்றி எழுதிய நூலைப் படிக்கச் சொன்னார்கள். எதிர்ப்பாகப் பிறக்கும் பாணியைச் சந்தை எப்படிச் சரக்காக்கி விழுங்குகிறது என்று அதில் விளக்கியிருப்பார். பாட்டைக் கேட்டது அதற்குப் பிறகு, விடுதித் தோழியின் பென் டிரைவில். ‘தி கிளாஷ்’ என்ற லண்டன் குழு. சொற்கள் பாதி புரியவில்லை. கோபம் முழுசாகப் புரிந்தது.

1976-இல் தொடங்கிய குழு அது. அந்த ஆண்டு நாட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர்களுக்கும் போலீசுக்கும் மோதல் வெடித்தபோது ஜோ ஸ்ட்ரம்மரும் பால் சைமனனும் அங்கே இருந்தார்கள். அந்த அனுபவம் பாட்டானது. ஜமைக்காவின் ரெகே இசையிடம் மரியாதையோடு கற்றுக்கொண்டார்கள். 1978 ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் நிறவெறிக்கு எதிராகத் திரண்ட பல்லாயிரம் பேர் முன்னால் பாடினார்கள்.

இவர்கள் விலைபோனது எப்போது? 1977-இல் சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட அன்றே பங்க் செத்துவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே ஆண்டில், இவர்களைக் கேட்காமலே ஒரு பாட்டைத் தனித்தட்டாக வெளியிட்டது நிறுவனம். அதைத் திட்டியே இன்னொரு பாட்டு எழுதி, அதே நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார்கள் இவர்கள். 1979-இல் ‘லண்டன் காலிங்’ இரட்டைத் தட்டு, ஒற்றைத் தட்டின் விலைக்கே விற்றது. அடுத்த ஆண்டு ‘சாண்டினிஸ்டா!’ மூன்று தட்டுகள். அதன் விலை ஏறாமலிருக்க, முதல் 2 லட்சம் பிரதிகளுக்கான உரிமைத்தொகையை விட்டுக்கொடுத்தார்கள். இசையும் மாறிக்கொண்டே இருந்தது: ரெகே, ஜாஸ், ராப் எல்லாம் உள்ளே வந்தன. அந்த மாற்றத்தில் கூர் குறையவில்லை. முதலாளியின் காசு கையில் இருந்தபோதும், பேச்சு இவர்களுடையதாகவே இருந்தது.

சறுக்கல் வெற்றியோடு வந்தது. 1982-இல் ‘காம்பேட் ராக்’. மிக் ஜோன்ஸ் நீளமாகச் செய்து வைத்திருந்ததை, வெளியிலிருந்து வந்த கிளின் ஜான்ஸ் சுருக்கிக் கொடுத்தார். நல்ல பாட்டுகள் இருந்தன, அமெரிக்காவே கேட்டது. 1983 மே மாதம் கலிபோர்னியாவில் ஒரு பெரும் இசைவிழாவில் பாட 5 லட்சம் டாலர் கூலி. மேடைக்குப் பின்னால் ‘கிளாஷ் விற்பனைக்கு அல்ல’ என்று பேனர் கட்டினார்கள். முன்பெல்லாம் அப்படியொரு பேனர் இவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

சில மாதங்களில் மிக் ஜோன்ஸ் வெளியேற்றப்பட்டார். 1985-இல் ‘கட் தி கிராப்’ வந்தது. மேனேஜர் பெர்னார்ட் ரோட்ஸ் தயாரித்த ஆல்பம். டிரம் மெஷின், சின்தசைசர், கால்பந்து மைதானக் கூச்சல் போன்ற கோரஸ். அன்று விற்றுக்கொண்டிருந்த ஓசையைத் துரத்திய முயற்சி. கேட்டுப் பாருங்கள், புரட்சி என்ற பேச்சுக்குக் குறைவே இல்லை. ஆனால் யார், யாருக்காக, எந்தத் தெருவிலிருந்து பேசுகிறார்கள் என்பது மட்டும் கேட்காது. 2013-இல் குழுவின் ஆல்பங்களைத் தொகுத்து வெளியிட்டபோது இதைச் சேர்க்கவே இல்லை.

அதே 1985-இல், ஆல்பம் வெளிவரும் முன்பு, இதே ஆட்கள் சாதாரண கிடார்களோடு இங்கிலாந்தின் வட நகரங்களுக்குப் போய்த் தெருவில் பாடினார்கள். விழுந்த சில்லறையில் சாப்பிட்டு, ரசிகர்களின் வீடுகளில் படுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குள் கோபம் சாகவில்லை. ஸ்டுடியோவில்தான் அதற்கு இடமில்லாமல் போயிருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் என் வேலை. போன வருடம் நாங்கள் வேலை செய்யும் ஊர்ப் பள்ளியைப் பற்றி ஆண்டறிக்கை எழுதினேன். ‘சேரிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவச் சொல்கிறார்கள்’ என்பது என் வாக்கியம். நிதி தருபவர்கள் தரப்பில் கொஞ்சம் மாற்றச் சொன்னார்கள். ‘துப்புரவுப் பணிகளில் மாணவர் பங்கேற்பு சமச்சீராக இல்லை’ என்று மாற்றினேன். என் கையால், நானேதான் மாற்றினேன். மாலை வகுப்பு நடத்தும் இரண்டு பேரின் சம்பளம் அந்த நிதியில்தான் வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட.

அச்சான அறிக்கையை ஊரில் படித்துக் காட்டியபோது, கழுவ வைக்கப்பட்ட பெண்பிள்ளையின் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுல எம் புள்ள எங்கம்மா இருக்கு?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

நிதி வாங்குவதே துரோகம் என்று நான் சொல்லவில்லை. கிளாஷும் வாங்கியது, வாங்கியபடியே எதிர்த்துப் பேசியது. நானோ ‘சமத்துவம்’ என்ற சொல்லைப் பத்து இடத்தில் வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்ன ஒரே வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

இந்த வருட அறிக்கையில் பழைய வாக்கியத்தை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். மாலை வகுப்பு நடத்தும் இருவரிடமும் முன்பே பேசிவிட்டேன். “அனுப்புங்கக்கா, பாத்துக்கலாம்” என்றார்கள். பதில் இன்னும் வரவில்லை.