வட்டுவாகல் தாண்டி முதல் தவணை

பரந்தன்–முல்லைத்தீவு வீதி வட்டுவாகலில் நந்திக்கடலைக் கடக்கிறது. உங்களில் பலர் 2009 மே மாதத்தில் கால்நடையாக வெளியேறிய பாலம் அது. 2018இல் என் தோழி, புதிய ஆசிரியையாக, அதே பாலத்தால் பஸ்ஸில் போய்வந்தாள். அவளுடைய பத்தாம் தரப் பிள்ளைகள் 2009இல் ஆறு வயதுக் குழந்தைகள்.

முதல் தவணையில் பாடப்புத்தகத்தைவிட வரவுப் பதிவேட்டைத்தான் அவள் கூடுதலாகப் படித்தாளாம். ஒரு மாணவி, தாய்க்குக் கூலிவேலை கிடைக்கும் நாட்களில் வரமாட்டாள். படுக்கையில் கிடக்கும் அம்மம்மாவைப் பார்க்க வேறு ஆளில்லை. தோழி அவளை வகுப்பில் எழுப்பிக் கேட்கவில்லை. பின்னேரம் வீட்டுக்கே போனாள். (சமூகவியல் படித்த எனக்கு இதை எவரும் சொல்லித் தரவில்லை.)

"சாதாரண தரம் வரையாவது படிக்கட்டும் ரீச்சர்" என்று தாய் அழுதா. வேலியால் எட்டிப் பார்த்த அயல்வீட்டு மாமி, "பகலில் கிழவியை நான் பார்க்கிறன்" என்றா.

அடுத்த கிழமை ஐந்து நாளும் வரவு.