கூரையைத் திறந்தால் எலுமிச்சை வாசம்!

ஹிரோஷிமா என்றதும் நம் மனதில் வருவது 1945, ஆகஸ்ட் 6. அணுகுண்டு விழுந்த அந்தக் காலை, எலும்புக்கூடாக நிற்கும் குவிமாடக் கட்டடம், குழந்தைகள் மடித்து வைக்கும் காகிதக் கொக்குகள். சுற்றுலா வருகிறவர்களும் பெரும்பாலும் அமைதிப் பூங்காவைப் பார்த்துவிட்டு, கனத்த மனதோடு ரயில் ஏறிவிடுகிறார்கள்.

அதே ஊரின் கிழக்குப் பக்கம் போனால் வேறொரு ஹிரோஷிமா இருக்கிறது. அங்கேதான் மஸ்தா கார் கம்பெனியின் தலைமையகம். பக்கத்தில் உஜினா என்ற கடலோரப் பகுதியில் தொழிற்சாலை. கார்கள் உள்ளே உருவாகி, அங்கிருந்தே கப்பல் ஏறிவிடும். அப்படிக் கப்பல் ஏறுகிறவற்றில் ஒரு குட்டி கார் மட்டும் தனி ரகம். இரண்டே இரண்டு சீட். துணிக்கூரை. வேண்டாம் என்றால் அதையும் பின்னால் மடித்துவிடலாம். ஜப்பானில் இதை ரோட்ஸ்டர் என்கிறார்கள். மற்ற நாடுகளில் எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா.

குடும்பக் கணக்கில் பார்த்தால் இது உதவாத கார். குழந்தைகளை உட்காரவைக்கப் பின் சீட் கிடையாது. டிக்கியில் இரண்டு சின்னப் பைகளை வைத்தால் நிறைந்துவிடும். ஆனாலும், இதை வாங்கியவர்கள் 30 வருடங்களுக்கு மேலாகியும் விடாமல் வைத்திருக்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

1920-ல் இந்தக் கம்பெனி ஆரம்பித்தபோது செய்தது கார் அல்ல, பாட்டிலுக்கு மூடி போடும் கார்க். 1931-ல் மூன்று சக்கரச் சுமை வண்டிக்கு மாறியது. குண்டு விழுந்தபோது, நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே இருந்த ஹிஜியாமா என்ற சின்னக் குன்று ஓரளவு மறைத்துக் காப்பாற்றியது. கட்டடங்கள் தப்பின, ஊரில் குடும்பங்களை இழந்தவர்கள் அந்த வேலையாட்கள். அரசு அலுவலகங்களே அழிந்துபோனதால், மாவட்ட நிர்வாகம் இந்தத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இடம் வாங்கி இயங்கியது. அதே வருடம் டிசம்பரில் மூன்று சக்கர வண்டிகள் மறுபடி உருவாக ஆரம்பித்தன. ஊரைத் திரும்பக் கட்ட மரமும் செங்கல்லும் சுமக்க வண்டி வேண்டுமே!

சுமை தூக்கியே பழகிய கம்பெனிக்கு, எதையுமே சுமக்காத காரின் யோசனை 1979-ல் வந்தது. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹிரோஷிமா வந்திருந்தார். அப்போது ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்தவர் கெனிச்சி யமமோட்டோ. 'அடுத்து நாங்கள் எந்த மாதிரி கார் செய்யலாம்?' என்று அவர் கேட்டார். அந்தக் கால ஆங்கிலேயர்களின் எளிமையான, கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் காரைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார் ஹால். எம்ஜி, ட்ரையம்ப், லோட்டஸ் என்று ஓட்ட ஆனந்தமான கார்கள் ஒரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்தன. ஆயில் ஒழுகும், மழை நாளில் ஸ்டார்ட் ஆகாது என்ற புகார்களும் கூடவே வந்தன. 1980-ல் எம்ஜி-பி, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் இரண்டின் உற்பத்தியும் நின்றுபோனது. அந்தக் காலி இடத்துக்குத்தான் பத்து வருட உழைப்புக்குப் பிறகு, 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் ரோட்ஸ்டர் வந்து நின்றது.

இன்ஜின் 1,600 சிசிதான். ஜப்பானில் விற்ற ஆரம்ப மாடலின் எடை 940 கிலோ. நம் ஊரில் ஓடும் சின்ன ஹேட்ச்பேக் காரின் எடைதான் அது. இதைவிட வேகமான கார்கள் அப்போதே நிறைய இருந்தன. ஆனால், இந்த காரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய தோஷிஹிகோ ஹிராய் வேகத்தின் பின்னால் போகவில்லை. 'ஜின்பா இத்தாய்' என்ற பழைய ஜப்பானியச் சொல்லை எடுத்துக்கொண்டார். குதிரையும் அதில் போகிறவனும் ஒரே உடலாவது என்று அர்த்தம். இன்ஜினை முன் அச்சுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்தார்கள். முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய சமமாகிவிட்டது. ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினால் போதும், கார் நாம் நினைத்த பக்கம் போகும். கியரும் மணிக்கட்டு அசைவிலேயே விழும்.

இதன் ருசி தெரிய ஹிரோஷிமா நகரத்தின் சிக்னல்கள் போதாது. கிழக்கே ஒன்றரை மணி நேரம் போனால் ஒனொமிச்சி என்ற துறைமுக ஊர். அங்கிருந்து ஷிகோகு தீவின் இமாபாரி வரை, ஆறு தீவுகளைப் பாலங்களால் கோத்த சாலை ஒன்று இருக்கிறது. ஷிமானாமி கைதோ என்பது அதன் பெயர், நீளம் சுமார் 60 கிலோமீட்டர். பாலத்தின் மேல் கூரை இல்லாமல் போகும்போது தலைக்கு மேல் இரும்புக் கம்பிகள் விசிறி போல விரியும். கீழே நீலக் கடல், சின்னச் சின்னத் தீவுகள், மீன்பிடிப் படகுகள்.

நெடுஞ்சாலையை விட்டு இக்குச்சிஜிமா தீவில் இறங்கினால், சரிவு முழுக்க எலுமிச்சைத் தோட்டங்கள். ஜப்பானில் எலுமிச்சை அதிகம் விளைவது ஹிரோஷிமா மாவட்டத்தில்தான். மே மாதம் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகள் பூக்கும்போது அந்த வாசம் நேராக காருக்குள் வரும். கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டுப் போகிறவர்களுக்கு அது கிடைக்காது. தீவுச் சாலைகளில் 40, 50 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. ஆனால், தரையை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் அந்த வேகமே பறப்பது போல இருக்கும். எதிரே இன்னொரு ரோட்ஸ்டர் வந்தால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும் கை அசைப்பார்கள். குளிர்காலத்திலும் விடுவதில்லை. தலையில் கம்பளித் தொப்பி, காலடியில் ஹீட்டர், மேலே திறந்த வானம்!

இந்தச் சுகம் சும்மா கிடைக்காது. முதல் தலைமுறைக் காரின் பின் ஜன்னல் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். கூரையை மடிக்கும் முன் அதன் ஜிப்பைத் திறந்து படியவைக்க வேண்டும். அவசரப்பட்டால் சுருக்கம் விழும், நாளடைவில் விரிசல் விடும். கூரைக்குப் பின்னால் மழைத் தண்ணீர் வடியும் துளைகளை இலைச்சருகு அடைத்துக்கொண்டால், தண்ணீர் உள்ளே தேங்கித் துருப்பிடிக்கும். செலவும் உண்டு. ஜப்பானில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை. 13 வயதைத் தாண்டிய பெட்ரோல் காருக்கு வரியும் கூடுதல். பழசை ஒழித்துப் புதுசு வாங்கு என்பதுதான் கணக்கு.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை உதிரிபாகம். அது கிடைக்காமல் போனால் எவ்வளவு ஆசை இருந்தும் காரை ஓரங்கட்ட வேண்டியதுதான். கல்யாணத்துக்கு முன் வாங்கியது, மனைவியோடு முதல் பயணம் போனது, குழந்தை பிறந்தபின் விற்க மனமில்லாமல் ஷெட்டில் மூடி வைத்தது... வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கதை இருக்கும். இரும்பை எடைக்குப் போடலாம், அந்த வருடங்களை எப்படிப் போடுவது?

இதைக் கம்பெனியும் புரிந்துகொண்டது. முதல் தலைமுறை ரோட்ஸ்டர்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை 2017-ல் அறிவித்தது. உற்பத்தி நின்றுபோன துணிக்கூரை, மர ஸ்டீயரிங், அந்தக் கால டிசைன் டயர் எல்லாவற்றையும் மறுபடி செய்யவைத்தது. ஒவ்வொரு காராகப் பிரித்து, பெயின்ட் அடித்து, உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது ரோட்ஸ்டர் ஹிரோஷிமாவில் உருவானது. அதற்கு முந்தைய வருடம் வந்த நான்காம் தலைமுறைக் காரின் எடை, ஜப்பானில் 990 கிலோவிலிருந்து ஆரம்பம். பாதுகாப்பு வசதிகள் சேரச் சேர எல்லா கார்களும் குண்டாகிக்கொண்டே போக, இது மட்டும் முந்தைய மாடலைவிட 100 கிலோ இளைத்தது. கூரையை இன்றும் சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் திறந்துவிடலாம்.

ஹிரோஷிமாவுக்குப் போகிறவர்கள் அமைதிப் பூங்காவைப் பார்க்கத்தான் வேண்டும். பார்த்துவிட்டு, ஒரு நாள் கூடுதலாகத் தங்கித் தீவுப் பக்கமும் போய் வரலாம். வானத்திலிருந்து பேரழிவு வந்து இறங்கிய ஊர் இது. அந்த ஊர்க்காரர்கள் செய்த காரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரோ இருவர் கூரையைப் பின்னால் தள்ளிவிட்டு, வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவதைப் பார்க்கலாம். அவர்கள் கை அசைத்தால், பதிலுக்கு நாமும் அசைக்கலாம்!