ஒரே மாதிரி ரெண்டு சாக்கு

மூணு வாரமா இங்க ஒண்ணும் எழுதலை. மஞ்சளுக்கு மண் அணைக்கிற வேலை ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்குது. எழுத வெட்கமாத்தான் இருக்குது, ஆனா எழுதாம விட்டா இன்னொருத்தர் வீட்டுலயும் இது நடக்கும்.

மஞ்சளுக்கு நான் வருஷா வருஷம் ஆமணக்குப் புண்ணாக்குத் தூள் போடுவேன். நூறு கிலோ போட்டா சுமார் 4 கிலோ தழைச்சத்து கிடைக்கும். யூரியா மாதிரி ஒரே நாள்ல கரைஞ்சு போகாது, மெதுவா மட்கி மெதுவாப் பயிருக்குப் போகும். இந்தத் தடவை 50 கிலோ மூட்டை ரெண்டு வாங்கினேன். போட்டது போக ஒரு பதினஞ்சு கிலோ மிச்சம். அந்தச் சாக்கை எலி கடிச்சு ஓட்டை போட்டிருந்துச்சு. பக்கத்துல காலி மாட்டுத்தீவனச் சாக்கு ஒண்ணு கிடந்துச்சு. அதுல கொட்டிக் கட்டி, சாளையில ஒரு மூலையில வச்சேன். அந்த மூலையிலதான் ஆட்டுக்குக் கடலைப் புண்ணாக்குத் தூளும் இருக்கும். அதுவும் அதே மாதிரி சாக்கு, அதே சணல் கயிறு.

நாலு நாள் கழிச்சு, விடியக்காலை இருட்டுல எங்க வீட்டுக்காரம்மா வழக்கம்போல ரெண்டு கை அள்ளித் தவிட்டுல பிசைஞ்சு ஆட்டுக்கு வச்சிருக்குது. எங்ககிட்ட இருந்தது ரெண்டு வெள்ளாடு. செவலை முன்னாடி நின்னு நிறையத் தின்னுடுச்சு. கருப்பி கொஞ்சம்தான் தின்னுச்சாம்.

சாயங்காலம் செவலை தழையைத் தொடலை. தலையைத் தொங்கப் போட்டு நின்னுச்சு. "ஏனுங்க, இது அசை போடவே இல்லீங்க, என்னன்னு பாருங்க"ன்னு கூப்பிட்டுது. போய்ப் பார்த்தேன். தொட்டியோரம் சிந்திக் கிடந்த தூள்ல கருப்புக் கருப்பா தோல் துணுக்கு. எனக்கு அப்பவே மனசுல பட்டுடுச்சு. ஆனா வாயைத் திறக்கலை. "வயித்து மந்தமா இருக்கும், காலைல பார்க்கலாம்"னு சொல்லிட்டுப் படுத்துட்டேன். ஏன் சொல்லலைன்னா, சாக்கை மாத்தினது நான். அவ்வளவுதான் காரணம்.

காலைல ரத்தமாக் கழிஞ்சுது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டோம். "புதுசா ஏதாவது வச்சீங்களா?"ன்னு கேட்டாங்க. "இல்லைங்க, எப்பவும் வைக்கிறதுதான்"னு வீட்டுக்காரம்மா சொல்லுது. டாக்டரம்மா சாக்கை அவுத்து ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தாங்க. "இது ஆமணக்குப் புண்ணாக்கு ஆச்சே. தீவனச் சாக்குக்குள்ள எப்படி வந்துச்சு?"

வீட்டுக்காரம்மா தலையில கை வச்சு உக்காந்துடுச்சு. "நான்தான் பார்த்துப் போட்டிருக்கணும்"னு அழுகுது. அப்பத்தான் சொன்னேன், சாக்கை மாத்தினது நான்னு. நேத்து சாயங்காலமே சந்தேகம் வந்துச்சுன்னும் சொன்னேன். அது ஒண்ணும் பேசலை. என்னை நிமிர்ந்து பார்த்துட்டு எந்திரிச்சு உள்ள போயிடுச்சு.

இந்த நஞ்சுக்கு மாத்து மருந்து கிடையாதாம். குளுக்கோஸ் ஏத்தி, கரித்தூள் கரைச்சு ஊத்தினாங்க. "தின்ன உடனே கூப்பிட்டிருந்தா இந்தக் கரித்தூள் இன்னும் வேலை செஞ்சிருக்கும் ஐயா"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி செவலை போயிடுச்சு. மூணு மாசச் சினை. கருப்பி ஒரு வாரம் கிடந்து எந்திரிச்சுது.

சின்ன வயசுல எங்க பாட்டி வயிறு சுத்தமாக விளக்கெண்ணெய் குடுக்கும். அந்தக் கொட்டையோட சக்கைதானே, என்ன பண்ணிடும்னு நினைச்சிருந்தேன். டாக்டரம்மாதான் விளக்கினாங்க. ஆமணக்குல ரிசின்னு ஒரு நஞ்சு இருக்குது. அது எண்ணெயில கரையாது, ஆட்டும்போது அத்தனையும் புண்ணாக்குலயே தங்கிடும். மண்ணுல கலந்து மட்கினா வீரியம் போயிடும். சாக்குல இருக்கிற வரைக்கும் அது விஷம்தான். இயற்கை உரம்னா ஒண்ணும் செய்யாதுன்னு இத்தனை வருஷம் நானே பலருக்குச் சொல்லியிருக்கேன்.

இப்ப எங்க வீட்டுல என்ன மாத்தியிருக்கோம்னு சொல்றேன். உரம் எதுவும் சாளையில கிடையாது. மோட்டார் ரூம்ல மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்ல வச்சுப் பூட்டுறோம். டிரம் மேல சிவப்பு பெயிண்ட்ல "ஆமணக்கு - விஷம்"னு எழுதியிருக்குது. எழுத்துத் தெரியாதவங்களுக்காக ஒரு பெருக்கல் குறியும் போட்டிருக்கேன். அள்ளுற சட்டி தனி, அது வெளிய வராது. தீவனச் சாக்குல உரமும், உரச் சாக்குல தீவனமும் எந்த அவசரத்துக்கும் போடுறதில்லை. காலிச் சாக்கைக்கூடத் தீவனத்துக்கு எடுக்குறதில்லை.

மூட்டையாவே வைக்கிறவங்க செங்கல் அடுக்கிப் பலகை போட்டு, சுவரை ஒட்டாம வையுங்க. ஈரம் பட்டா கட்டி பிடிச்சுப் பூஞ்சாணம் வந்துடும். வேப்பம் புண்ணாக்குக்கும் இதேதான்.

தூள் பறக்கிறதையும் சாதாரணமா நினைக்காதீங்க. ஆமணக்குத் தூசி சிலருக்குத் தும்மல், கண் அரிப்பு, மூச்சு இளைப்பு வரைக்கும் கொண்டுபோகும். ஆஸ்துமா இருக்கிறவங்க கிட்டவே வர வேண்டாம். மூக்கையும் வாயையும் துண்டால நல்லாக் கட்டிக்குங்க, காத்துக்கு முதுகைக் காட்டி நின்னு தூவுங்க. அன்னைக்குப் போடுற அளவுக்கு மட்டும் லேசாத் தண்ணி தெளிச்சுக்கிட்டா தூசி அடங்கும். கையில வெட்டு, புண் இருந்தா கையுறை போடுங்க. சோப்பு போட்டுக் கழுவாம வெத்தலை போடக் கூடாது. இதை நான் முப்பது வருஷமாச் செஞ்சதில்லை.

வயல்ல போட்டதும் மண்ணைத் தள்ளி மூடி, தண்ணி கட்டிடுங்க. எலும்புத் தூளும் சேர்த்துப் போட்டா, வாசனைக்கு நாய் தோண்டித் தின்னும். நாய்க்கும் இதே கதிதான்.

ஆடு மாடு தப்பித் தவறித் தின்னுட்டா காலைல பார்க்கலாம்னு படுத்துடாதீங்க. அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிடுங்க, இல்லைன்னா 1962-க்கு அடிங்க. சாக்கை எடுத்துக் காட்டுங்க. யார் மேல தப்புன்னு அப்புறம் பேசிக்கலாம்.

வீட்டுக்காரம்மா இப்பப் பேசுது. ஆனா தீவனம் அள்ளும்போது ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டு, "இது சரியான சாக்குத்தானுங்களா?"ன்னு கேக்குது. நானும் போய்ப் பார்த்துட்டுத்தான் வர்றேன். நீங்களும் இன்னைக்கே உங்க சாளையை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுங்க.