மெழுகில் பதிந்த சாரீரம்

இத்தாலியர்களின் ஸங்கீதத்தில் நமக்குப் பாண்டித்தியம் கிடையாது, பாஷையும் தெரியாது. ஆயினும் இரவில் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்தபின், 'ஆபெரா' என்னும் அவர்களது இசை நாடகத்தின் ஆதிகாலப் பதிவுகளைக் கேட்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. "எண்ணெய்ச் சட்டி பொரிகிறாற்போல் இரைகிறதே!" என்பார்கள் வீட்டில். இரைச்சல் வாஸ்தவந்தான்.

கரூஸோவின் கதை பலர் அறிந்ததே. 1902 ஏப்ரலில், மிலான் நகரத்து ஹோட்டல் அறையொன்றில், பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் அமைத்த குழாயின் எதிரே நின்று பத்துப் பாட்டுகள் பாடினார். கேட்ட சன்மானம் 100 பவுன். கூடாதென்று லண்டன் கம்பெனியார் தந்தியடித்தும் தாம் துணிந்து பதிவு செய்ததாகக் கெய்ஸ்பர்க் பிற்பாடு எழுதியிருக்கிறார். அவ்வருஷக் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தவரும் இவரே.

ஆனால் நம் மனத்தைப் பிடித்தவர் கரூஸோ அல்லர், தமான்யோ. ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வை மகாவித்வான் வெர்டி இசை நாடகமாக்கி, 1887-ல் மிலானில் அரங்கேற்றியபோது கதாநாயகனாகப் பாடியவர் அவர். இடிபோன்ற சாரீரம். வெர்டிக்கு அதுவே கவலை. மனைவியைக் கொன்றுவிட்டு மாளும் கடைசிக் காட்சியில் குரல் தணிந்து குழைய வேண்டுமே, இவரால் ஆகுமா என்று கடிதங்களில் சந்தேகப்பட்டிருக்கிறார்.

1903-ல், ஐம்பத்திரண்டு வயதில், தேகம் தளர்ந்திருந்த தமான்யோ அந்தக் காட்சியைப் பியானோவுடன் பாடிப் பதிவு செய்தார். அக்காலத்தில் மைக் இல்லை. மின்சாரப் பதிவு வந்தது 1925-ல்தான். குரலின் வேகமே ஊசியை அசைத்து மெழுகில் கீற வேண்டும். மெல்லப் பாடினால் இரைச்சலில் முழுகிப்போகும். போதாக்குறைக்கு, அந்நாளைய தட்டுகள் ஒரே வேகத்தில் சுழன்றவை அல்ல. சற்று விரைவாகச் சுழற்றினால் சுருதி ஏறிக் குரல் கீச்சென்றாகிவிடும். சிங்கத்தைப் பூனையாக்க அவ்வளவு போதும்!

சரியான வேகத்தில் கேட்டுப் பாருங்கள். இறந்துகிடக்கும் டெஸ்டெமோனாவை அழைக்கும் இடத்தில் இடியோசை இல்லை. குரல் தழுதழுத்து, பேச்சோ பாட்டோ என்று சொல்லக்கூடாமல் இறங்குகிறது. பாஷை தெரியாத நமக்கே தொண்டை அடைக்கிறது. பதினாறு வருஷத்துக்கு முந்தைய அரங்கேற்றத்திலும் இப்படியே பாடினாரா என்பதற்குத் தட்டு சாட்சி சொல்லாது. முடியாதவர் அல்லர் என்பதற்குச் சொல்லும்.

1905-ல் தமான்யோ காலமானார். சந்தேகப்பட்ட வெர்டி அந்தத் தட்டைக் கேட்கவில்லை. கரூஸோ பாடிய அதே மிலான் ஹோட்டலில், 1901 ஜனவரியிலேயே அவர் கண்ணை மூடிவிட்டார்.