அஞ்சா... முப்பதா?

களமருதூரிலிருந்து கல்வராயன் மலைக்குப் போய்வர ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். செலவும் அதிகம் ஆகாது. கூட வருகிற ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும். நான் கூட்டிப்போனது பி.காம். காலத்து பெஞ்ச் தோழனை. அப்போதுதான் இலங்கை டூர் முடித்துத் திரும்பியிருந்தான்!

கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, ஜன்னல் ஸீட்டில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டான்.

"யாலாவுல சிறுத்தை ரோட்டுலயே படுத்துக்கிட்டு வழி விடமாட்டேங்குதுடா!"

"நம்மூர்ல எருமை..."

அவன் ரசிக்கவில்லை.

"அங்கே நூத்துக்கு முப்பது பங்கு நிலம் பாதுகாக்கப்பட்டது. நம்ம நாட்டுல அஞ்சுதான். வெட்கமா இல்லே?"

மீதி இருபத்தைந்தை நான்தான் விற்றுச் சாப்பிட்ட மாதிரி கேட்டான்.

கச்சிராயபாளையம், கோமுகி அணை... பிறகு வளைந்து வளைந்து மலைப்பாதை. ஜில்லென்று காற்று. ஒரு திருப்பத்தில் வனத்துறை போர்டு: 'காப்புக்காடு.' எனக்குப் பொறி தட்டியது.

"டேய், இது அந்த அஞ்சுல சேர்த்தியா?"

விழித்தான். சேர்த்தி இல்லை! நம் நாட்டில் பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால், முக்கியமாக 1972-ம் வருட வனவிலங்குச் சட்டப்படி அறிவித்த தேசியப் பூங்காவும் சரணாலயமும்தான். அவைதான் சுமார் 5 சதவீதம். அரசாங்க ரிஜிஸ்தரில் 'காடு' என்று இருக்கும் நிலமோ சுமார் 23 சதவீதம். அதில் பாதிக்கு மேல் காப்புக்காடு. 1882-ம் வருடச் சட்டப்படி காவல் உண்டு, அபராதம் உண்டு. ஆனால் வெறும் காப்புக்காடாக மட்டும் இருந்தால் அந்த அஞ்சில் இடமில்லை!

இலங்கையில் வனவிலங்கு இலாகாவின் பூங்காக்களோடு, வன இலாகா பாதுகாக்கும் காடுகளையும் சேர்த்தால்தான் அந்த முப்பது வருகிறது. ஐட்டம் கிட்டத்தட்ட ஒன்று; எழுதிய தலைப்பு வேறு. பாலன்ஸ் ஷீட்டை ஒப்பிடும் முன் கணக்கு வைத்த முறையைப் பார் என்று வாத்தியார் தலையில் குட்டிச் சொல்லித் தந்ததை இருவருமே மறந்துவிட்டோம்.

ஓட்டப் பந்தயம் என்று பார்த்தாலும் ஸ்டார்ட்டிங் ஒன்றாகத்தான் இருந்தது. இங்கே முதல் தேசியப் பூங்கா 1936-ல் (இன்றைய கார்பெட்). அங்கே யாலாவும் வில்பத்துவும் 1938-ல். மகாவலித் திட்டத்துக்குக் காடு அழிந்தபோது, ஈடாக மாதுறு ஓயா, வஸ்கமுவ என்று எண்பதுகளில் புதுப் பூங்காக்கள் கொடுத்தார்கள். அதற்காக அவர்களுக்கு ஒரு சபாஷ் போடலாம். ஆனால் யுத்தத்தால் 1988 முதல் 2003 வரை வில்பத்து மூடிக் கிடந்தபோதும், காகிதத்தில் அது பாதுகாக்கப்பட்ட பூங்காதான்!

2030-க்குள் பூமியில் 30 சதவீதத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று 2022-ல் உலக நாடுகள் கூடி முடிவெடுத்திருக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் அந்த முப்பதுக்குள் குடியிருப்பவர்கள்?

வெள்ளிமலையில் டீ குடிக்கும்போது பக்கத்தில் ஒரு பெரியவர். மலையாளிப் பழங்குடி. எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். 1976 வரை இந்த மலை ஜாகிர்தார்கள் கையில்தான்.

"அவங்களுக்கு வரியும் கட்டினோம், கூலியில்லாமலும் உழைச்சோம். அப்புறம் சர்க்கார் வந்துச்சு. இது காடு, தொடாதேன்னுச்சு. இப்போ பட்டாவுக்கு மனு எழுதிக்கிட்டிருக்கோம்."

2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் இவர்களுக்காகத்தான். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் உழுகிற பழங்குடிக்கு உரிமை தரச் சொல்கிறது. சட்டம் மலையேறி வந்துவிட்டது. பேப்பர்தான் இன்னும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறது போல!

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். நீங்க சொல்ற அஞ்சு, முப்பது... இதுல என் மரவள்ளிக் கொல்லை எந்தப் பக்கம் வருது?"

நண்பன் பதில் சொல்லவில்லை. மூன்று டீக்கும் அவன்தான் காசு கொடுத்தான். இத்தனை வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக, கணக்குப் பார்க்காமல்!