ஒரே பனி, இரண்டு பாத்தி

மூணாற்றிலிருந்து கிழக்கே சுமார் 45 கிலோமீட்டர். மாட்டுப்பட்டி, டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும் சோலைக்குள் புகுந்து வெளியே வந்தால் வட்டவடை. இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டம். டீக்கடைப் பேச்சு தமிழ். சரிவெங்கும் படிப்படியாய் வயல்கள். கேரட், கோஸ், பீன்ஸ், உருளைக்கிழங்கு, புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு.

ஜனவரிக் காலை. புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. கிழங்குப் பாத்தியில் இலைகள் கறுத்துத் துவண்டிருக்க, பக்கத்துப் பாத்தியில் கேரட் தழை நிமிர்ந்து நின்றது.

"கிழங்குக்குப் பனி ஆகாது தம்பி. கேரட்டுக்கு அதே பனிதான் ருசி" என்றார் தோட்டக்காரர். ஒன்றைப் பிடுங்கி மண்ணைத் துடைத்துக் கொடுத்தார். நல்ல இனிப்பு.

அந்த இனிப்பு செடியின் தற்காப்பு. உறைபனியில் பனிக்கட்டி முதலில் உருவாவது செல்களுக்கு வெளியே, இடுக்குகளில். அது செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. ஆக, பனியில் சாகிற செடி பெரும்பாலும் தாகத்தால்தான் சாகிறது! குளிர் தொடங்கியதும் செல்லுக்குள் சர்க்கரையைக் கூட்டி நீரைப் பிடித்துவைக்கிறது கேரட்.

செல்லின் சவ்விலும் வேலை நடக்கிறது. நான் தங்கிய அறையில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிட்டது. நல்லெண்ணெயாக இருந்தால் உறைந்திருக்காது. குளிர் தாங்கும் செடிகள் தங்கள் சவ்வின் கொழுப்பை அந்த நல்லெண்ணெய்ப் பக்கமாக மாற்றிக்கொள்கின்றன. கொழுப்புச் சங்கிலியில் சில இரட்டைப் பிணைப்புகள் கூடினால் போதும், சவ்வு இறுகாது.

எனக்குப் பெரிய வியப்பு வேறொன்று. குளிரில் கேரட் ஒரு புரதம் செய்கிறது என்று 1998-இல் பிரிட்டனில் கண்டறிந்தார்கள். அது பனித்துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டு, சிறு துகள்கள் சேர்ந்து பெரிதாகாமல் தடுக்கிறது. திசுவைக் கிழிப்பவை பெரிய துகள்கள்தானே. அமைப்பைப் பார்த்தால் இந்தப் புரதம், பூஞ்சைகளை எதிர்க்கச் செடிகள் வைத்திருக்கும் ஒரு புரதத்தின் நெருங்கிய உறவு. பூஞ்சைக்கு எதிரான பழைய ஆயுதத்தைப் பனிக்கு எதிராகத் திருப்பியிருக்கிறது கேரட். வயலில் நின்று இதை நினைத்தபோது கையில் மீதமிருந்த கேரட்டை உடனே கடித்துத் தின்ன மனம் வரவில்லை. பசித்தது, தின்றேன்.

இத்தனையையும் தொடங்கிவைப்பது எது? கோஸின் உறவான அராபிடாப்சிஸ் என்னும் சிறு கடுகுச் செடியில் விடை கிடைத்தது. வெப்பம் இறங்கியதும் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. கால் மணி நேரத்துக்குள் சிபிஎஃப் எனப்படும் மரபணுக்கள் விழித்து, நூற்றுக்கும் மேற்பட்ட மற்ற மரபணுக்களை எழுப்புகின்றன. 1997-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஷோவின் குழு சிபிஎஃப் மரபணுக்களில் முதலாவதை அடையாளம் கண்டது.

உருளைக்கிழங்கிடமும் சிபிஎஃப் இருக்கிறது. ஆனாலும் நாம் சாப்பிடும் வகைக்கு உறைபனியைத் தாங்கப் பழகத் தெரியாது. அதன் தென்னமெரிக்கக் காட்டு உறவான சொலானம் கமர்சோனி பழகிக்கொள்கிறது. அதன் குணத்தை நம் கிழங்குக்குக் கொண்டுவரும் ஆராய்ச்சி பல ஆண்டுகளாக நடக்கிறது. அது வயலுக்கு வரும்வரை வட்டவடைக்குப் பனிக்காலத்தில் போகிறவர்கள் கேரட்டும் பூண்டும் வாங்குங்கள்; கிழங்கு வேண்டுமென்றால் வேறு மாதத்தில் போங்கள்.